அரைக் கிலோ காபி

2024 மார்கழியில், காபிப் பழம் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நாட்களில், ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கத்திலிருந்து அண்ணன் ஒருவர் சேலத்தில் எங்கள் அழகாபுரம் வீட்டுக்கு வந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் மிளகும் காபியும் வாங்கி விற்ற காலத்திலிருந்து இரண்டு குடும்பங்களுக்கும் பழக்கம். அவர் என்னை அம்மணி என்பார். அவர் மகளுக்கு நான் அத்தை. காபி கொடுத்தபடியே ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மகளின் குண்டுக் கையெழுத்தில் நான்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெயர்கள் இருந்தன. "இதில் எது என்று ஒரு கோடு மட்டும் போட்டுக் கொடு, அம்மணி. நாளைக்கு வங்கிக்குப் போகிறேன். தோட்டத்துப் பத்திரம் கையில் இருக்கிறது" என்றார்.

அவருக்கு மூன்று ஏக்கர் தோட்டம். சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடியும், கீழே அரபிகா காபியும். மகள் சேலத்தில் இளங்கலை கணிதம் மூன்றாம் ஆண்டு. கணிதத்தை வைத்துச் சந்தை விலைகளையும் ஆபத்தையும் கணக்கிடும் அளவுசார் நிதியியல், அதாவது குவாண்ட் என்று சொல்கிறார்களே, அதில் முதுகலை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நான் அதைத்தான் படித்தேன், அதில்தான் வேலை பார்க்கிறேன். ஆகவே கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டார். நான் கோடு போடவில்லை. பேனாவை எடுத்துவிட்டு மூடி வைத்தேன். பத்து மாதமாகிறது. அந்தப் பேனாவை மூடியது சரிதானா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

நான் போட்ட கோடு

2013இல் என் காகிதத்தில் நானே கோடு போட்டுக்கொண்டேன். இணையத்தில் கிடைத்த ஒரு தரவரிசையை மேலிருந்து கீழாகப் படித்து, எனக்குக் கிடைக்கக்கூடியது என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினேன். அதற்கு முன் எட்டு மாதம், வெளிநாட்டு முதுகலைச் சேர்க்கைக்குக் கேட்கும் ஜிஆர்இ தேர்வுக்குப் படித்தேன். அந்தத் தேர்வின் கணக்குப் பகுதி பள்ளிக்கூடக் கணக்கைத் தாண்டாது. சதவீதம், விகிதம், முக்கோணம், கொஞ்சம் எண்ணியல். அதில் 170க்கு 168 வாங்கிவிட்டதால் நிதிக் கணிதத்துக்குத் தயாராகிவிட்டேன் என்று மனதார நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? கல்லூரியில் முதல் மாணவி. நிகழ்தகவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. ஆனால் அந்தத் தொண்ணூற்றெட்டு முழுக்கப் பையிலிருந்து சிவப்புப் பந்தும் நீலப் பந்தும் எடுக்கும் கணக்குகளால் ஆனது.

அங்கே முதல் வாரத்திலேயே பேராசிரியர் நிபந்தனை எதிர்பார்ப்பு என்று எழுதினார். அது ஓர் எண் என்றுதான் எனக்குத் தெரியும். அவர் அதை ஒரு சமவாய்ப்பு மாறி, அதாவது வரும் செய்திக்கு ஏற்ப மதிப்பு மாறும் அளவு, என்றார். இன்றுவரை தெரிந்த செய்தியை வைத்து நாளையைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகச் சிறந்த ஊகம் என்றார். நாளைய மதிப்பைப் பற்றிய மிகச் சிறந்த ஊகம் இன்றைய மதிப்பே என்னும் மார்ட்டிங்கேல் அந்த ஒரு வரியின்மேல்தான் நிற்கிறது. ஆப்ஷன், அதாவது பின்னாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை, அதன் விலையின் முழுக் கட்டடமும் அதன்மேல்தான் நிற்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை ஆராயும் மெய்ப்பகுப்பாய்வை நிறுவல்களோடு படித்து வந்தவர்கள் அவர்கள். எனக்கு அந்த வரி புரிய நான்கு மாதம் ஆனது. அதற்குள் முதல் பருவம் முடிந்து, கோடைக்காலப் பயிற்சி வேலைக்கான நேர்காணல்களும் முடிந்திருந்தன. பதினாறு, பதினெட்டு மாதங்களில் முடியும் படிப்பில் இதுதான் கொடுமை: போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதமே வேலைக்கான கதவுகள் திறந்து மூடிக்கொள்கின்றன. அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று போகிறவருக்கு அந்த அவகாசமே இல்லை.

பல்கலைக்கழகம் தந்த வேலைவாய்ப்பு அறிக்கையில் பெரிய நிறுவனங்களின் பெயர்கள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினார்கள், எத்தனை பேர் கணக்கிலேயே வரவில்லை என்பது இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பிறகு பெங்களூரில் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் கட்டிய விலைக் கணக்கு மாதிரிகளைச் சரிபார்ப்பது என் வேலை. 2008 நெருக்கடிக்குப் பிறகு, 2011இல், அமெரிக்க மத்திய வங்கி மாதிரிகளால் வரும் ஆபத்தைப் பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மாதிரியைக் கட்டியவரே அதைச் சரிபார்த்துக்கொண்டால் போதாது, தனி ஆள் பார்க்க வேண்டும் என்றது அது. அந்த ஒரு வரியால் வாழும் ஆயிரக்கணக்கானோரில் நானும் ஒருத்தி. நல்ல வேலை, மதிப்பான வேலை. இன்று சேலத்து வீட்டிலிருந்தே அதைச் செய்கிறேன். ஆனால் இந்த வேலைக்கு நான் கடன் வாங்கிக் கடல் தாண்டியிருக்க வேண்டுமா என்று என் அப்பா ஒருநாள் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

யார் வீட்டுப் படிப்பு

அந்த நான்கு பெயர்களையும் பார்த்தபோது முதலில் என் கண்ணில் பட்டது அவற்றின் தரவரிசை இல்லை. ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத படிப்புகள் இருக்கின்றன என்பது அந்தக் காகிதத்தில் எங்கும் தெரியவில்லை. இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டுவிட்டு, அது எந்தத் துறையின் வீட்டில் நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கொலம்பியாவில் பொறியியல் பள்ளியில் ஒரு நிதிப் பொறியியல் படிப்பு இருக்கிறது. கணிதத் துறையில் நிதிக் கணிதம் என்று இன்னொன்று இருக்கிறது. பெர்க்லியில் இது வணிகப் பள்ளிக்குச் சொந்தம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கூரண்ட் கணித நிறுவனத்துக்குச் சொந்தம். 1994இல் தொடங்கிய கார்னகி மெல்லன் படிப்பைக் கணிதம், புள்ளியியல், வணிகம், பொதுக்கொள்கை என்று நான்கு பள்ளிகள் சேர்ந்து நடத்துகின்றன. நியூயார்க்கின் பாருக் கல்லூரி நகரப் பொதுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கட்டணம் மற்றவற்றைவிடக் குறைவு, இடங்களும் குறைவு. சூரிக்கில் இடிஎச் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சூரிக் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் படிப்புக்குக் கட்டணம் அமெரிக்காவோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது. ஆனால் அந்த ஊரில் சாப்பிட்டுத் தங்குவது பெரும்பாடு. வீடு மாறினால் சாப்பாடும் மாறும். வணிகப் பள்ளியில் பேசவும் முன்வைக்கவும் பழக்குவார்கள். கணிதத் துறையில் நிறுவச் சொல்வார்கள். பொறியியல் பள்ளியில் நிரல் எழுத வைப்பார்கள். உனக்கு எது பசிக்கிறது என்று தெரியாமல் எந்த வீட்டுக்குப் போவது?

இந்தியாவிலேயே வழி இருக்கிறது என்பதை நம் ஊர்க் கல்லூரிகளில் யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. அது எனக்குப் பெரிய மனக்குறை. கொல்கத்தாவில் 1931இல் புள்ளியியலாளர் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முதுகலைப் புள்ளியியலுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, மாதந்தோறும் உதவித்தொகையும் தருகிறார்கள். நுழைவுத் தேர்வு கடினம். ஆனால் மனப்பாடத்தால் கடினமாகவில்லை, யோசிக்கச் சொல்வதால் கடினம். சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. ஐஐடிகளில் முதுகலையில் கணிதமும் புள்ளியியலும் படிக்க ஜாம் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. சென்னையில் பிறந்த கணிதவியலாளர் எஸ்.ஆர்.எஸ். வரதன் மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுக் கொல்கத்தாவுக்குத்தான் போனார். தொழிற்சாலைகளில் பயன்படும் புள்ளியியல் கற்கலாம் என்று போனவரை அங்கிருந்த நண்பர்கள் நிகழ்தகவின் பக்கம் இழுத்தார்கள். 1963இல் முனைவர் பட்டம் பெற்று கூரண்ட் நிறுவனத்துக்குப் போனார்; 2007இல் கணிதத்தின் மிக உயரிய பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு பெற்றார். மார்ட்டிங்கேல் பற்றி அவரும் ஸ்ட்ரூக் என்ற கணிதவியலாளரும் செய்த வேலையை, நிதிக் கணிதத்தை ஆழமாகப் படிப்பவர்கள் சந்திக்காமல் போக முடியாது. அவர் போன வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நோட்டில் ஒரு கேள்வி

அன்று அண்ணனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "பத்திரத்தை வீட்டிலேயே வையுங்கள், அண்ணா. பாப்பாவை ஒரு நாள் அனுப்புங்கள்." அவர் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. அந்த மாதம் நியூயார்க்கில் அரபிகா விலை 1977இன் பழைய உச்சத்தையே தாண்டியிருந்தது. மலையில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, இன்னும் ஏறத்தான் போகிறது என்று. பார்ச்மெண்ட், அதாவது பழத்தோல் நீக்கி உலர்த்திய காபிக் கொட்டை, அந்த மூட்டைகளை விற்காமல் வைத்திருந்தவர்கள் உண்டு. அண்ணன் கடன் வாங்கத் துணிந்ததும் அந்த விலையை நம்பித்தான்.

அவள் வந்தாள். ஒரு நாற்பது பக்க நோட்டில் முதல் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தேன். இன்று காபி கிலோ 400 ரூபாய். அடுத்த அறுவடையில் 500 ஆகும், அல்லது 300 ஆகும். வேறு எதுவும் நடக்காது. வட்டி இல்லை என்று வைத்துக்கொள். அன்று சந்தையில் என்ன விலை விற்றாலும் 400 ரூபாய்க்கு ஒரு கிலோ வாங்கிக்கொள்ளும் உரிமையை ஒருவர் உன்னிடம் இன்று விலைக்குக் கேட்கிறார். வேண்டாமென்றால் அவர் வாங்காமலும் இருக்கலாம். அந்த உரிமைக்கு நீ எவ்வளவு கேட்பாய்?

அவள் உடனே சொன்னாள்: "விலை ஏறுவதற்குத் தொண்ணூறு சதவீதம் வாய்ப்பு என்று அப்பா சொல்கிறார், அத்தை. ஏறினால் அவருக்கு 100 ரூபாய் லாபம். அப்படியானால் 90 ரூபாய்." அது மாமரத் தோப்புக்கு அச்சாரம் கொடுப்பதுபோல என்றும் சொன்னாள். அச்சாரம் விலையில் கழியும், இது கழியாது என்று மட்டும் திருத்தினேன். பிறகு விடையை எழுதிக் காட்டினேன். அவரிடம் 50 ரூபாய் வாங்கு. வெளியே 150 கடன் வாங்கு. கையில் 200 இருக்கிறது. அதற்கு அரைக் கிலோ காபி வாங்கி வை. விலை 500 ஆனால் உன் அரைக் கிலோ 250 ஆகும். கடன் 150ஐத் திருப்பினால் மிச்சம் 100, அவருக்கு நீ தர வேண்டியதும் சரியாக 100. விலை 300 ஆனால் அரைக் கிலோ 150. கடனை அடைத்தால் கணக்கு சுழி, அவருக்கும் நீ எதுவும் தர வேண்டாம். ஆக விலை 50. அதற்கு மேல் ஒருவர் 90 கொடுத்தால் அந்த 40 உனக்குச் சும்மா கிடைத்தது. இந்தக் கணக்கில் தொண்ணூறு சதவீதம் எங்கே வந்தது? எங்கும் வரவில்லை.

அவள் நோட்டை மூடிவிட்டாள். கோபம் அவள் மூக்கில் தெரிந்தது. "எங்கள் மலையில் முப்பது வருடம் காபி பார்த்தவர்கள் ஏறும் என்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எதற்குமே ஆகாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பஸ் பிடிக்கப் போய்விட்டாள். கடினமாகப் பேசிவிட்டேனோ என்று வருந்தினேன். அந்தக் கோபத்தை நான் என் படிப்புக் காலத்தில் ஒருமுறைகூட உணரவில்லை என்பதும் அன்று இரவு நினைவுக்கு வந்தது. அந்த விடையைக் கேட்டபோது நான் குறித்துக்கொண்டேன், தேர்வில் எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன். அது என்னை உறுத்தவேயில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் காலை முதல் பஸ்ஸில் இறங்கி, கோரிமேட்டிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தாள். நோட்டில் பதினோரு பக்கம் நிரம்பியிருந்தது. முதல் ஆறு பக்கங்கள் என் விடையைத் தவறென்று காட்டும் முயற்சி, எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: எல்லோரும் உண்மையாகவே தொண்ணூறு சதவீதம் நம்பினால் இன்றைய விலை 400ஆக இருக்காதே. மலைக்காரர்களுக்குத் தெரிந்தது வீணாகவில்லை, அது ஏற்கெனவே 400க்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அவளாகவே கண்டிருந்தாள். யாரும் சொல்லித் தராமல். எனக்குக் கண் கலங்கியது, மறைக்க விரும்பவில்லை.

அடுத்து அவள் கேட்டதுதான் என்னை உட்கார வைத்தது. "அத்தை, அறுவடைக்கு நடுவில் விலை ஒருமுறை 350க்கு இறங்கி, மறுபடி ஏறினால்? அன்று என்னிடம் அரைக் கிலோ இருக்கக் கூடாது, வேறு அளவு இருக்க வேண்டும். சரி, கொஞ்சம் விற்க வேண்டும். அன்று மழை. வளைவில் மரம் விழுந்து வண்டி போகவில்லை. வியாபாரி கடை திறக்கவில்லை. அப்போது 50 ரூபாய் என்பது சரியான விலையா?" 1973இல் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் என்ற பொருளியலாளர்கள் எழுதிய ஆப்ஷன் விலைச் சூத்திரம், ஒவ்வொரு நொடியும் செலவில்லாமல் வாங்கி விற்கலாம் என்ற அடித்தளத்தில் நிற்கிறது. அந்த அடித்தளத்தில் விரல் வைத்துவிட்டாள், ஒருநாளும் அந்தச் சூத்திரத்தைப் பார்த்திராத பெண். வங்கியில் பல வருடமாக நான் மற்றவர்களின் மாதிரிகளில் தேடுவது இந்தக் கேள்வியைத்தான்.

அந்த நிமிடத்தில் எனக்கு அந்தக் காகிதத்தின் நான்கு பெயர்களும் தூரமாகத் தெரிந்தன. இவளுக்கு வேண்டியது நிகழ்தகவு, அதன் அடி ஆழம் வரை. அவசரமாகப் பதினாறு மாதத்தில் வேலை வாங்கித் தரும் படிப்பு இப்போதைக்கு இல்லை. ஒரு வருடம் உட்கார்ந்து மெய்ப்பகுப்பாய்வும் நேரியல் இயற்கணிதமும் நிறுவல்களோடு படி, பைத்தானிலும் பிறகு சி பிளஸ் பிளஸ்ஸிலும் உன் கணக்குகளை நீயே எழுதிப் பார், புள்ளியியல் நிறுவனத்துக்கும் ஜாமுக்கும் எழுது, அதன்பின் கடல் தாண்டுவதைப் பார்க்கலாம் என்றேன். அவள் ஒத்துக்கொண்டாள். என்னிடம் யார் வந்து எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டாலும் இப்போது முதலில் ஒரு நோட்டைத்தான் கொடுக்கிறேன். இரண்டு வாரம் கழித்து நோட்டோடு வருகிறவரும் உண்டு, வராதவரும் உண்டு. வராதவர்களிலும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு எத்தனையோ நல்ல படிப்புகள் உண்டு.

அண்ணன் சொன்ன சொல்

மகள் ஒத்துக்கொண்டதை அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. தைக்குப் பிறகு ஒருநாள் லீ பஜாரில் பார்த்தபோது, "நீ போய்ப் படித்துவிட்டு வந்தாய், அம்மணி. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் நோட்டா?" என்றார். வேறெதுவும் பேசவில்லை. அந்தச் சொல் இன்னும் எனக்குள் கிடக்கிறது. அவர் கேட்டது நியாயம். ஏணியில் ஏறி வந்தவள் அடுத்தவளிடம் ஏணி ஆடுகிறது என்று சொன்னால் அவள் எப்படி நம்புவாள்? மலையிலிருந்து ஒரு பெண் முதல்முறையாகக் கல்லூரி முடிக்கிறாள். அவளுக்கு வேகமாக ஒரு கதவு திறக்கட்டும் என்று ஒரு தகப்பன் நினைப்பதில் என்ன தவறு?

ஆனால் நான் போட்டுப் பார்த்த கணக்கையும் சொல்ல வேண்டும். பல அமெரிக்கப் படிப்புகளுக்குக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் 1 கோடி ரூபாயைத் தொடும். அதில் 80 லட்சம் கடன், வட்டி பத்தரை சதவீதம் என்று வைத்தால், வட்டி மட்டும் மாதம் 70,000 ரூபாய். ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்ற பிரிவில் வரும் படிப்பானால் முடித்தபின் 12 மாதமும் கூடுதலாக 24 மாதமும் அங்கே வேலை பார்க்கலாம்; அந்தப் பிரிவில் வராவிட்டால் 12 மாதத்தோடு சரி. அதன்பின் அங்கே தொடர வேலை விசா வேண்டும்: ஆண்டுக்கு 65,000 விசாவும், அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000 விசாவும். கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல். மூன்று ஏக்கர் தோட்டத்தை ஒரு குலுக்கலின்மேல் வைப்பதா? காபி விலையும் அந்த உச்சத்தில் நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. ஜூலையில் 3 டாலருக்குக் கீழே இறங்கியது. பிரேசில் காபிக்கு அமெரிக்கா வரி போட்டதும் மறுபடி ஏறியது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் மாதம் 70,000 கட்டிக்கொண்டிருக்கும் அண்ணனை நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க முடியவில்லை. இருந்தும், அவள் போயிருந்தால் அங்கே எல்லோரையும் தாண்டி நின்றிருப்பாளோ என்ற எண்ணமும் வருகிறது. எனக்கு நான்கு மாதம் ஆனது அவளுக்கு நான்கு நாளில் புரிந்திருக்கலாம். இந்த இரண்டு எண்ணங்களும் ஒன்றையொன்று அடிப்பதில்லை, இரண்டும் உண்மை.

போன ஞாயிறு அவள் இறங்கி வந்தாள். ஒரு பையில் மிளகு இருந்தது. அண்ணன் கொடுத்தனுப்பியது, பத்து மாதத்தில் முதல்முறை. ஜாமுக்கு விண்ணப்பித்துவிட்டாள். நோட்டு இப்போது நான்காவது. அதில் புதிய கேள்வி: விலை மாறும்போதெல்லாம் கொஞ்சம் வாங்கி, கொஞ்சம் விற்றுக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் வண்டிக் கூலியும் தரகும் போகிறதே, அதையும் சேர்த்தால் அந்த உரிமைக்கு என்ன விலை? இதையே 1985இல் ஹேய்ன் லேலண்ட் என்பவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் கேட்டிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஒரு வாரம் அவளே தடுமாறட்டும் என்று விட்டேன். நேற்றுதான் அந்தக் கட்டுரையை அச்செடுத்து, ஓர் உறையில் போட்டு, மாலை நாகலூர் பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்தேன். "உள்ளே என்ன, பணமா?" என்று கேட்டார். இல்லை, கணக்கு என்றேன். ஜன்னலோரம் பத்திரமாகச் செருகி வைத்துக்கொண்டார்.